999 ராண்டுக்குக் கன்சோல், மாதம் 650: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டி.வி., ஸ்பீக்கர், கேம் கன்சோல் எல்லாம் விற்கிறேன். ஒரு கன்சோலின் ரொக்க விலை 10,000 ராண்ட். எனக்கு அடக்கம் 9,300. மொத்தமாக அவ்வளவு கட்ட முடியாமல் பலர் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். செல்ஃபோன் கம்பெனிகள் செய்கிற மாதிரி 999 ராண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு கன்சோலைக் கொடுத்துவிட்டு, ஆன்லைன் மெம்பர்ஷிப்பையும் சேர்த்து மாதம் 650 என்று 24 மாதத்துக்கு ஒப்பந்தம் போடலாமா என்று யோசிக்கிறேன். மெம்பர்ஷிப் எனக்கு மாதம் 130 ஆகும். தீபாவளிக்குள் 30 கன்சோல் இப்படிக் கொடுக்க ஆசை. ‘சந்தா’ என்று பெயர் வைத்தால் கடன் சட்டத்துக்குள் வராது என்கிறார் ஒரு நண்பர். போஸ்டர்கூட எழுதிவிட்டேன்: “999 மட்டுமே! கிரெடிட் செக் கிடையாது! மாதம் வெறும் 650!” இது சரிப்பட்டு வருமா?
— கடைக்காரர், சாட்ஸ்வொர்த்

பதில்: போஸ்டரை அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதில் உள்ள மூன்று வரியில் இரண்டு, தேசியக் கடன் சட்டத்தின் (2005-இன் 34-ஆம் சட்டம்) விதிகளோடு நேராக மோதுகின்றன. ‘கிரெடிட் செக் கிடையாது’ என்பது விளம்பரத்தில் போடக்கூடாது என்று தடுக்கப்பட்ட வாசகம். மாதத் தவணையைப் போட்டால், எத்தனை தவணை, வட்டியும் கட்டணமும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்பதையும் கூடவே போட வேண்டும். ‘வெறும் 650’ தனியாக நிற்கக் கூடாது.

நண்பர் சொன்ன யோசனையும் எடுபடாது. காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பொருள் கைமாறிய பிறகு பணம் தவணையில் வருகிறதா, அதற்காக வட்டியோ கட்டணமோ கூடுதலாக வாங்குகிறீர்களா என்றுதான் பார்க்கும். உங்கள் திட்டத்தில் வாடிக்கையாளர் கட்டும் மொத்தம் 16,599 ராண்ட். மெம்பர்ஷிப்புக்கு 24 மாதத்துக்கு 3,120 கழித்தால் கன்சோலுக்கு மட்டும் 13,479. ரொக்கத்துக்கு 10,000 என்று விற்கும் அதே பெட்டி. இடையில் இருக்கும் 3,479 ராண்ட், தவணை கொடுத்ததற்கான கூலி. ஆகவே இது தவணைக் கடன் ஒப்பந்தம். இதை வட்டியாக மாற்றிப் பார்த்தால், 9,001 ராண்ட் அசலுக்கு மாதம் 520 வீதம் 24 மாதம்: மாதத்துக்கு ஏறக்குறைய 2.8, ஆண்டுக்கு 33.6 சதவீதம். இந்த வகைக் கடனுக்கு வட்டி வரம்பு ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 17 சதவீதம். ரெப்போ 7 என்று வைத்துக்கொண்டால் 24-தான் உச்சம்.

ஆனால் அதே 520-ஐச் சட்டத்துக்கு உட்பட்டும் வாங்க முடியும். மாதச் சேவைக் கட்டணம் 60 ராண்ட் வரை அனுமதி உண்டு. தொடக்கக் கட்டணமாக 165 ராண்டும், அசலில் 1,000-க்கு மேற்பட்ட தொகையில் 10 சதவீதமும் வாங்கலாம். அது 1,050-ஐயும் அசலின் 15 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. தொடக்கக் கட்டணம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, 60 ராண்ட் சேவைக் கட்டணம், ஆண்டுக்கு 20.4 சதவீத வட்டி என்று பிரித்து எழுதினால் மாதம் சரியாக 520 வருகிறது. ஒரே உருண்டைத் தொகையாக எழுதினால் குற்றம், பிரித்து எழுதினால் குற்றமில்லை. ஒப்பந்தத்துக்கு முன் கொடுக்கும் விலைக்குறிப்பில் இந்தப் பிரிவு தெளிவாக இருக்க வேண்டும்; அந்தக் குறிப்பு ஐந்து வேலை நாளுக்கு உங்களைக் கட்டுப்படுத்தும்.

இதெல்லாம் நீங்கள் தேசியக் கடன் ஒழுங்காற்றுநரிடம், அதாவது என்.சி.ஆரிடம், கடன் வழங்குநராகப் பதிவு செய்திருந்தால் மட்டும். 2016 நவம்பர் 11 முதல் இதற்குக் கீழ்வரம்பு கிடையாது. எவ்வளவு சின்னக் கடனுக்கும் பதிவு வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு கடன் கொடுத்தவரையும் இது விடாது என்று 2018-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவில்லாமல் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பாக்கி கேட்டு நீதிமன்றம் போனால், கேள்விகள் உங்கள் பக்கம்தான் திரும்பும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வியாபாரத்துக்கு வருவோம். எனக்குப் பெரிய கவலை அங்கேதான்.

இந்த யோசனை புதிதல்ல. 2012 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் தன் சொந்தக் கடைகளில் கினெக்ட் என்ற அசைவறியும் கேமராவோடு சேர்ந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை 99 டாலருக்குக் கொடுத்து, மாதம் 14.99 டாலர் என்று இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 458.76. அதே கன்சோலையும் இரண்டு ஆண்டு கோல்டு என்ற ஆன்லைன் மெம்பர்ஷிப்பையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் ஏறக்குறைய 420. அதாவது வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கியது நாற்பது டாலருக்கும் குறைவு. 2020-இல் இன்னும் கீழே இறங்கினார்கள்: கேம் பாஸ் அல்டிமேட் மெம்பர்ஷிப்போடு சேர்ந்த சீரீஸ் எஸ் கன்சோலுக்கு முன்பணமே இல்லை, மாதம் 24.99 வீதம் 24 மாதம், வட்டி பூஜ்யம். தனித்தனியாக வாங்குவதைவிட அது 60 டாலர் மலிவாகவே வந்தது.

அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால், கன்சோல் அவர்களுக்குத் தூண்டில். அந்தப் பெட்டியில் விற்கும் ஒவ்வொரு டிஜிட்டல் விளையாட்டிலும் வழக்கமாக 30 சதவீதம் தளத்தின் சொந்தக்காரருக்குப் போகிறது. மெம்பர்ஷிப் வருமானமும் அவருக்கே. பெட்டியில் நஷ்டம் வந்தாலும் பின்னால் எடுத்துவிடுவார். உங்கள் வாடிக்கையாளர் நாளைக்கு ஆன்லைனில் ஆயிரம் ராண்டுக்கு விளையாட்டு வாங்கினால் அதில் உங்களுக்கு ஒரு சென்ட் வராது. மெம்பர்ஷிப்புக்காக வாங்கிக் கொடுக்கும் குறியீட்டு எண்ணிலும் உங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. 130-க்கு வாங்கி 130-க்கே கொடுக்கிறீர்கள். மிஞ்சுவது பெட்டியில் 700 ராண்ட், அப்புறம் வட்டி. ஆக, நீங்கள் தொடங்கப் போவது சந்தா வியாபாரம் இல்லை, வட்டிக்கடை. அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் தவறில்லை.

செல்ஃபோன் ஒப்பிடுதலும் பாதிதான் பொருந்தும். பணம் கட்டாதவரின் சிம்மை நிறுவனம் நிறுத்தலாம். காணாமல் போன போனை ஐ.எம்.இ.ஐ. எண் வழியாக முடக்கலாம். கன்சோலைத் தூரத்திலிருந்து பூட்டும் சாவி எந்தக் கடைக்காரரிடமும் இல்லை. மெம்பர்ஷிப்பை நிறுத்தினாலும் டிஸ்க் போட்டுத் தனியாக விளையாடத் தடை ஏதும் இல்லை. ஆன்லைன் ஆட்டம் மட்டும்தான் போகும், அதிலும் இலவச விளையாட்டுகள் சில மெம்பர்ஷிப் இல்லாமலே ஓடும்.

இப்போது ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கையை விட்டுப் போவது 9,300, வருவது 999. முடங்கும் பணம் 8,301. மாதம் 520 வீதம் அதைத் திரும்ப எடுக்கவே 16 மாதம். 24 மாதமும் ஒழுங்காகக் கட்டினால் லாபம் 4,179. நாலு தவணையோடு நிறுத்திவிட்டு கன்சோலும் திரும்பவில்லை என்றால் நஷ்டம் 6,221. ஒருவர் கைவிரித்தால் ஒன்றரைப் பேரின் இரண்டு ஆண்டு லாபம் போகிறது. 30 பெட்டிக்கு நீங்கள் புரட்ட வேண்டியது 2,49,030 ராண்ட். அதில் 12 பேர் நாலாவது மாதத்தோடு நின்றால் மற்ற 18 பேரின் லாபம் முழுதும் அதை அடைக்கவே சரியாகிவிடும். உங்கள் ஓவர்டிராஃப்ட் வட்டி, வங்கிக் கட்டணம், ஆள் சம்பளம் எதையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பன்னிரண்டு என்பது எட்டு, ஒன்பதாக இறங்கிவிடும்.

வாட் இன்னொரு பொறி. தவணைக் கடன் விற்பனையில், பொருளைக் கொடுத்த அன்றே முழு ரொக்க விலைக்கும் 15 சதவீத வாட் கணக்கில் ஏறிவிடும். தவணை வர வரக் கட்டலாம் என்பது கிடையாது. 10,000-க்குள் அடங்கிய வாட் 1,304. கையில் வந்தது 999. கன்சோலை அதே கணக்குக் காலத்தில் வாங்கியிருந்தால் கொள்முதல் வாட்டைக் கழித்துக்கொண்டு தப்பிக்கலாம். ஆகஸ்டில் சரக்கு எடுத்து அப்போதே கழித்துவிட்டு நவம்பரில் விற்றால், வாங்கிய முன்பணத்தைவிட அதிகமாக வரித்துறையான சார்ஸுக்குக் கட்ட வேண்டி வரும். உங்கள் கணக்கரிடம் இந்த ஒன்றை மட்டுமாவது முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

24 மாதம் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் வாரன்டி பொதுவாக ஓராண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-இன் 68-ஆம் சட்டம்) உங்கள் தலையில் வைக்கும் பொறுப்பு முதல் ஆறு மாதம். அதற்குள் பழுது வந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர், நீங்கள் அல்ல. பதினைந்தாவது மாதம் ஒரு மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது அழுத்தம் எகிறி பவர் சப்ளை போய்விட்டது என்று வையுங்கள். சட்டப்படி மீதி ஒன்பது தவணையும் அவர் கட்டத்தான் வேண்டும். ஓடாத பெட்டிக்கு யார் கட்டுவார்கள்? இதற்காக ‘பாதுகாப்புத் திட்டம்’ என்று மாதம் ஐம்பது ராண்ட் நீங்களே வசூலிக்கவும் கூடாது; அது உரிமம் வேண்டிய காப்பீட்டுத் தொழில். நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றைப் பெட்டியோடு சேர்த்து விற்பது மலிவு.

அதனால் காலத்தைப் பாதியாக்கி முன்பணத்தைக் கூட்டுங்கள். 3,000 முன்பணம், 7,000 அசல், 12 மாதம், ஆண்டுக்கு 24 சதவீதம், சேவைக் கட்டணம் 60: மாதம் 722 ராண்ட், மெம்பர்ஷிப் தனி. உங்கள் லாபம் பெட்டிக்கு 2,364 என்று குறைகிறது. ஆனால் ஒன்பதாவது மாதமே போட்ட பணம் திரும்பிவிடும், நாலாவது மாதம் நின்றுபோனால் நஷ்டம் 3,412-தான். இதைவிட முக்கியம், 3,000 சேர்த்துக் கொண்டுவர முடிந்தவரும் 999 மட்டும் இருப்பவரும் ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள் அல்ல. வாரன்டியும் தவணையும் ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன.

மெம்பர்ஷிப்பை ஒப்பந்தத்துக்குள் பூட்டாதீர்கள். அமெரிக்காவில் கேம் பாஸ் அல்டிமேட் 2023 ஜூலை வரை மாதம் 14.99 டாலர், 2025 அக்டோபரில் 29.99. இரண்டேகால் ஆண்டில் இரட்டிப்பு. நீங்கள் 24 மாதத்துக்கு 650 என்று எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, இரண்டாம் ஆண்டில் 130 என்பது 260 ஆனால், ஒவ்வொரு பெட்டியிலும் 1,560 ராண்ட் உங்கள் பையிலிருந்து போகும். சட்டமும் இந்தப் பக்கமே தள்ளுகிறது: ஒன்றை வாங்கினால்தான் மற்றது என்று கட்டாயப்படுத்தக் கூடாது, சேர்த்து விற்றால் தனித்தனி விலையிலும் கிடைக்க வேண்டும், அல்லது சேர்த்து வாங்குவதில் வாடிக்கையாளருக்கு உண்மையான ஆதாயம் இருப்பதை நீங்கள் காட்ட வேண்டும். மெம்பர்ஷிப் தனி ஒப்பந்தமாக இருந்தால் அதை 20 வேலை நாள் முன்னறிவிப்போடு எப்போது வேண்டுமானாலும் அவர் நிறுத்தலாம். நிறுத்தட்டும், கன்சோல் தவணை பாட்டுக்குத் தொடரும்.

குறியீட்டைக் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 12 மாதக் குறியீட்டை முதல் நாளே கொடுத்தால், அவர் அதைத் தன் கணக்கில் ஏற்றிய நிமிடமே அது போனது போனதுதான். திரும்ப எடுக்க வழியில்லை. கிடைப்பதில் மிகக் குறுகிய காலக் குறியீட்டை வாங்கி, அந்த மாதத் தவணை வங்கியில் நின்ற பிறகு கொடுங்கள். வாடிக்கையாளரின் கணக்கு தென்னாப்பிரிக்காவில் பதிவானதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அண்ணன் லண்டனில் திறந்து கொடுத்த பிளேஸ்டேஷன் கணக்கில் இங்கே வாங்கிய ராண்ட் குறியீடு ஏறாது; கணக்கின் நாட்டை மாற்றவும் முடியாது. அந்தச் சண்டை உங்கள் கவுன்டரில்தான் நடக்கும்.

பதிவு செய்து நீங்களே கடன் கொடுப்பதென்று முடிவெடுத்தால், ஒவ்வொருவரிடமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அல்லது சம்பளம் ஏறியது தெரியும் வங்கி அறிக்கை வாங்குங்கள். கிரெடிட் பீரோவில் பாருங்கள். வரவு, செலவு, பழைய கடன் மூன்றையும் எழுதிக் கணக்குப் போட்ட தாளைக் கோப்பில் வையுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் பொறுப்பற்ற கடன் என்று சொல்லி நீதிமன்றம் பாக்கியை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யலாம். கையெழுத்துப் போடுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விளையாடப் போவது பையன் என்றாலும் கையெழுத்து அப்பாவோ அம்மாவோ. கல்யாணமானவர் என்றால் சொத்து இருவருக்கும் பொதுவா என்று கேளுங்கள். பொதுச் சொத்துத் திருமணத்தில் கணவனோ மனைவியோ கடன் ஒப்பந்தம் போட, மற்றவரின் எழுத்துச் சம்மதம் இரண்டு சாட்சியோடு வேண்டும். பல கடைகள் கோட்டை விடும் இடம் இது.

அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ ‘ஈடாக’ வாங்கி வைப்பது, பின் நம்பர் கேட்பது இரண்டும் கூடவே கூடாது. தவணை நின்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பி கன்சோலைத் தூக்கி வருவதும் கூடாது. முதலில் தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவுப்படி பாக்கியைச் சொல்லும் கடிதம் போக வேண்டும். 20 வேலை நாள் பாக்கி, கடிதம் கொடுத்து 10 வேலை நாள், இரண்டும் கடந்த பிறகே நீதிமன்றம். பத்தாயிரம் ராண்ட் பெட்டிக்கு வக்கீல் வைப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதை. அவராகவே திருப்பிக் கொடுக்க வழி வைப்பதே மேல். அப்படிக் கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் மதிப்பீடு எழுதிக் கொடுத்து, அவர் மனம் மாற இன்னொரு 10 வேலை நாள் விட்டு, நியாயமான விலைக்கு விற்று வரவு வைக்க வேண்டும். திரும்பி வந்த பெட்டிகளைப் பழைய பொருளாக விற்பதாக இருந்தால் 2009-இன் 6-ஆம் சட்டப்படி போலீஸில் பழம்பொருள் வியாபாரியாகப் பதிவு வேண்டும். சீரியல் நம்பரை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கன்ட்ரோலர் எத்தனை, கேபிள் என்னென்ன என்பதும் இருக்கட்டும். திரும்பி வரும் பெட்டியில் கன்ட்ரோலர் இருக்காது என்பது கிட்டத்தட்ட விதி.

வசூலுக்கு, வாடிக்கையாளர் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் டெபிசெக் டெபிட் ஆர்டர் போடுங்கள். வாடிக்கையாளர் தன் வங்கியில் தானே ஒப்புதல் கொடுப்பதால் ‘நான் சொல்லவே இல்லை’ என்று பணத்தைத் திருப்பி இழுப்பது கடினம். தேதியைச் சம்பள நாளோடு ஒட்டி வையுங்கள். தீபாவளியிலும் பிளாக் ஃப்ரைடேயிலும் விற்ற பெட்டிகளின் உண்மையான பரீட்சை ஜனவரி. பல இடங்களில் டிசம்பர் சம்பளம் மாத நடுவிலேயே வந்து செலவாகிவிடும். அடுத்தது ஜனவரி கடைசியில். நடுவே பள்ளிக் கட்டணம், சீருடை. அந்த ஒரு தவணையை முன்கூட்டியே டிசம்பர் சம்பள நாளுக்குத் தள்ளி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. கோயில் திருவிழாவில் ஸ்டால் போட்டு அங்கேயே கையெழுத்து வாங்கினால், ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை அவருக்கு உண்டு. கடையில் வைத்து வாங்குங்கள். இன்னொன்று, போனஸ் வந்ததும் முழுதாகக் கட்டி முடிக்க வந்தால் அபராதம் கேட்க முடியாது. மீதி மாத வட்டியும் போச்சு.

இவ்வளவுக்கும் தயாரில்லை என்றால் (30 பெட்டிக்காக இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்) இரண்டு வழி இருக்கிறது. மூன்று அல்லது நான்கு தவணையில் வட்டியில்லாமல் பிரித்துக் கொடுக்கும் பேஜஸ்ட்நவ், பேஃப்ளெக்ஸ் போன்ற சேவைகளில் சேருங்கள். உங்களிடம் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் பணம் வராத பயம் அவர்களுடையது. 700 ராண்ட் லாபத்தில் அந்தக் கமிஷன் எவ்வளவு தின்கிறது என்பதை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்குப் பழகிய லே-பை: பொருளை ஒதுக்கி வைத்து, தவணை முடிந்த பிறகு கொடுப்பது. மார்ச்சில் தொடங்கி மாதம் 1,250 வீதம் கட்டினால் எட்டாவது தவணையோடு அக்டோபரில் பெட்டி அவர் கையில். வட்டியும் கட்டணமும் இல்லாததால் என்.சி.ஆர். பதிவு வேண்டாம், பெட்டியும் கடைசி வரை உங்கள் கடையில். நடுவில் விட்டுவிட்டால் விலையில் ஒரு சதவீதம், அதாவது 100 ராண்ட் வரை பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். அவர் கட்டும் பணம் பெட்டி கைமாறும் வரை அவருடையதே. அதைத் தனிக் கணக்கில் வையுங்கள், சரக்கு வாங்கச் செலவழிக்காதீர்கள். ஒதுக்கி வைத்த கன்சோலைத் தீபாவளிக் கூட்டத்தில் வேறொருவருக்கு விற்றுவிட்டு ‘அடுத்த வாரம் வரும்’ என்று சொல்லவும் வேண்டாம். உங்கள் தவறால் கொடுக்க முடியாமல் போனால், அவர் கட்டியதைப் போல இரண்டு மடங்கு கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.